பிழை இல்லாத அறிவித்தல்

செத்து முப்பத்தொரு வருடமான மனிதருக்கு அரசாங்கம் கடிதம் எழுதியிருந்தது.

அன்ரோனெற் அதைக் கண்டது இரண்டாயிரத்துப் பதினாலில், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். சிலுவைப்பாதை முடிந்து கோயிலிலிருந்து வெயிலோடு வெயிலாக நடந்து வந்தவள், தன் வேலிப் படலையோரத்துப் பனையில் புதிதாக ஒரு தாள் அடித்திருப்பதைப் பார்த்தாள். மூன்று மொழியிலும் எழுத்து. தமிழ் எங்கே என்று தேடி வாசித்தாள். ஓலைத்தொடுவாய்க் கரையோரத்தில் உள்ள இன்ன காணித்துண்டு பொதுத் தேவையொன்றுக்காக எடுக்கப்படவிருக்கிறது, ஆட்சேபனை இருந்தால் பதினாலு நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்றிருந்தது. சொந்தக்காரர் பெயர் என்ற இடத்தில் சந்தியோகு மரியான் என்று போட்டிருந்தார்கள்.

அது அவளுடைய அப்பா. எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம் நெஞ்சுவலி வந்து, வாகனம் பிடிக்க முன்னமே போய்ச் சேர்ந்தவர்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. செத்தவருக்குக் கடிதம் போடுகிறவர்களால் உயிரோடு இருக்கிறவளை என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தாள்.

காணி மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. தென்னை முப்பது, எண்ணிப் பார்க்காத பனை, இரண்டறை வீடு, கடற்பக்கமாக, மீனை உப்பிட்டுக் காயவைக்கிற அவளுடைய கருவாட்டு வாடி. புருஷன் தோமஸ் காய்ச்சலில் போனபிறகு அந்த வாடிதான் சோறு போட்டது. சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் அந்தக் கரையில் காயும் கட்டாக் கருவாட்டுக்குக் கொழும்பு வரைக்கும் பேர் இருந்தது. சண்டைக் காலத்தில் இரண்டு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, இரண்டு தடவையும் திரும்பி வந்து, கிணறு இறைத்துக் கூரை போட்டுக் குடியிருந்தவள் அன்ரோனெற். அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

பக்கத்துக் காணி அப்துல் றசாக்கினுடையது. அவர் தன் வேலியில் அடித்திருந்த தாளை ஆணியோடு பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, உங்கட வாப்பாட பேராவது போட்டிருக்கான். என்ர தாளைப் பாருங்கோ."

சொந்தக்காரர் பெயர் என்ற இடத்தில் 'அறியப்படாதவர்' என்று இருந்தது.

"இனி என்னை அந்தப் பேரிலயே கூப்பிடுங்கோ" என்றார் றசாக். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துப் போராளி இயக்கத்தால் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் இருபது வருடம் கிடந்து திரும்பி வந்தவர் அவர். "அண்டைக்கு ஒலிபெருக்கியில சொல்லி அனுப்பினாங்க. இண்டைக்குக் கடுதாசி எழுதிச் சொல்றாங்க. நாடு முன்னேறுதுதானே."

இரண்டு பேருமாகக் கிராம அலுவலரான விதானையாரிடம் போனார்கள். அவர் தலையைச் சொறிந்தார். தனக்கு மேலிடத்திலிருந்து வந்தது, ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன் என்றார்.

"என்ன தேவைக்கு எடுக்கினமாம்?"

"பொதுத் தேவைக்கு."

"அது விளங்குது. என்ன பொதுத் தேவை?"

"அது எனக்கும் சொல்லேல்லை, அன்ரோனெற் அக்கா."

பிரதேச செயலகத்தில் கேட்டார்கள். மாவட்டக் கச்சேரியில் கேட்டார்கள். ஒரு கந்தோரில் ஹோட்டல் என்று காதோடு சொன்னார்கள், இன்னொன்றில் மின்சாரக் காற்றாடி என்றார்கள், வாசலில் நின்ற ஒருவர் மண் அள்ளப் போகிறார்கள் என்றார். ஆட்சேபனை எழுதிப் பதிவுத் தபாலில் போட்டார்கள். பதில் வரவில்லை. மாசம் நாலு போக, அளவைக்காரர்கள் வந்து அவளுடைய கருவாட்டுப் பந்தலுக்கு நடுவே சிவப்புத் துணி கட்டிய தடியை ஊன்றினார்கள்.

வங்காலையில் கலியாணம் செய்து அங்கேயே இருந்த தம்பி அம்புறோஸ் கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். நல்லவன், பயந்தவன்.

"அக்கா, அரசாங்கத்தோட கோட்டில ஏறி ஆர் வெண்டது? தாறதை வாங்கிக்கொண்டு வாங்கோ. எங்கட வளவுக்குள்ள ஒரு அறை போட்டுத் தாறன்."

"உன்ர வளவுக்குள்ள கருவாடு காயுமோடா?" என்று கேட்டாள் அன்ரோனெற்.

கொழும்பில் பரமநாதன் என்றொரு சட்டத்தரணி இருப்பதாகப் பங்குச் சாமியார்தான் சொன்னார். நறுவிலிக்குளத்தில் வயல் செய்த கமக்காரரின் மகன், நம்மூர்க் காணி வழக்கென்றால் பெரிதாகக் கேட்கமாட்டார் என்றார். அவளும் றசாக்கும் போய்ப் பார்த்தார்கள். பரமநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அம்மா, இதில ஓட்டை மேல ஓட்டை. செத்த ஆளுக்கு அறிவித்தல் குடுத்திருக்கினம். உயிரோட இருக்கிறவரை ஆரெண்டு தெரியாதாம். காணித்துண்டு இலக்கம் பிழை. என்ன தேவைக்கெண்டும் சொல்லேல்லை. நாங்கள் ஒண்டே ஒண்டைக் காட்டினாப் போதும். நீங்கள் ஆக்கள் இருக்கிறியள், காணி உங்கட. அதை ஒரு பிசகும் இல்லாமல் காட்டவேணும்."

அதைக் காட்டுவதற்கு அன்ரோனெற் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவின் மரணச் சான்றிதழ் சண்டையில் தொலைந்துபோயிருந்தது. கோயில் பதிவேட்டில் அடக்கம் செய்த நாளைத் தேடி எடுத்து, அதை வைத்துப் புதிதாக ஒன்று எடுப்பித்தாள். அப்பா காணி வாங்கிய ஐம்பத்தெட்டாம் ஆண்டு உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் நாலு தரம் போய்க் கண்டுபிடித்தாள். நோர்வேயிலிருந்த தங்கச்சி எடித் விலாசத்தோடு, தன் சார்பில் கையெழுத்து வைக்க அற்றோர்ணித் தத்துவம் அனுப்பினாள். அம்புறோஸும் முணுமுணுத்துக்கொண்டே பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தான். கடைசியாக, அனுமதிபெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிவந்து, றசாக்கின் காணியையும் சேர்த்து, புதைந்து கிடந்த எல்லைக் கல்லுகளைக் கிண்டியெடுத்து அளப்பித்தாள். கிணறு, வீடு, வாடி, ஒவ்வொரு மரவரிசை என்று ஒரு முழத்துக்குப் பிழையில்லாத பிளான் ஒன்று வந்தது. பரமநாதன் அதை மேசையில் விரித்துத் தடவிக்கொடுத்தார். சத்தியக்கடதாசியில் அவள் கையெழுத்து வைத்தாள். 'மேற்சொன்ன காணியின் உரிமையாளர்களில் ஒருத்தியாகிய மரியான் அன்ரோனெற் ஆகிய நான்' என்று அது தொடங்கியது.

வழக்கு இரண்டரை வருடம் இழுத்தது. தவணைக்குத் தவணை முதல்நாளே ரெயிலேறி, றசாக்கின் தங்கச்சி வீட்டில் தங்கி, காலையில் கோட்டுகள் இருக்கிற புதுக்கடைக்குப் போவார்கள். நோன்பு மாதத்தில் தவணை விழுந்தால் நோன்புக்கஞ்சி அவளுக்கும் ஒரு கோப்பை வரும். கோட்டில் எல்லாம் இங்கிலிசு. கறுப்பு உடுப்புக்காரர்கள் எழும்பிப் பேசுவார்கள், குனிவார்கள், இருப்பார்கள். சில தவணை, அவர்கள் இருந்த வாங்கு சூடேறும் முன்னமே அடுத்த தேதி கொடுத்துவிடுவார்கள். அந்தப் பேச்சு வெள்ளத்தில் அன்ரோனெற்றுக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. இடைக்கிடை யாரோ ஒருவர் 'சந்தியோகு மரியான்' என்பார். அப்போதெல்லாம், பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல அவள் நிமிர்ந்து உட்காருவாள்.

தீர்ப்பன்றும் அப்படித்தான். நீதியரசர் வாசித்துக்கொண்டே போனார். அப்பாவின் பெயர் மூன்று தரம் வந்தது. பரமநாதன் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வெளியே வந்ததும், "அறிவித்தல் செல்லாது. வெண்டுட்டம் அம்மா" என்றார். றசாக் அந்த இடத்திலேயே படிக்கட்டில் குந்திவிட்டார். அந்த மனிதர் அழுது அவள் அதற்கு முன் கண்டதில்லை.

அன்றிரவு அம்புறோஸ் பெரிய பாரை மீனொன்றோடு வந்தான். அவன் பெண்சாதி மார்த்தா சொதி வைத்தாள். "அக்கா, நான் சொன்னதொண்டும் மனசில வைக்காதேங்கோ" என்று அவன் சொன்னபோது, அவள் அவன் தலையில் குட்டி, இன்னொரு துண்டு மீன் போட்டாள். அடுத்த வாரமே வாடிக்குப் புது ஓலைக்கிடுகு வேய்ந்தாள். இரண்டரை வருடமாக, வழக்கு முடியட்டும் என்று வைத்திருந்த வேலை.

ஐந்து மாதம் கழித்து வாகனமொன்று படலையடியில் வந்து நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் இறங்கினார்.

"மரியான் அன்ரோனெற் நீங்கள்தானே அம்மா?"

"ஓம்."

"இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

கடித உறையைக் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். இந்த முறை மரத்தில் ஆணியடிக்கவில்லை. அவள் படியில் இருந்து பிரித்தாள். அவளுடைய பெயர் இருந்தது. அம்புறோஸின் பெயர் வங்காலை விலாசத்தோடு இருந்தது. எடித்தின் நோர்வே வீட்டு இலக்கம்கூட இருந்தது. கீழே காணியின் விபரம். வடக்கே இது, தெற்கே அப்துல் றசாக்கின் காணி, கிணறு, வாடி, பரப்பு. எங்கேயோ வாசித்த வசனங்களாக இருக்கிறதே என்று யோசித்தாள். பிறகு பொறி தட்டியது. அவளே காசு கொடுத்து அளப்பித்த பிளான். அதே இலக்கம், அதே தேதி. எடுக்கும் தேவை: சுற்றுலா அபிவிருத்தி.

பரமநாதனுக்குப் போன் எடுத்தாள்.

"கையில தந்தவையோ அம்மா, மரத்தில ஒட்டினவையோ?"

"கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில தந்தவை சேர்."

"பேருகள்?"

"எல்லாம் சரி."

"எல்லை?"

"நாங்கள் கோட்டில குடுத்த பிளான்தான் சேர். அப்பிடியே பாத்து எழுதியிருக்கினம்."

மறுபக்கத்தில் யாரோ தட்டச்சடிப்பது கேட்டது.

"வடிவா வாசியுங்கோ. ஒரு எழுத்து, ஒரு இலக்கம், என்னவும் பிழை இருந்தாச் சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் முழுக்க அவள் வாசித்தாள். வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு சொல்லாக. றசாக் பக்கத்தில் இருந்து தனக்கு வந்ததை வாசித்தார். இப்போது அவர் அறியப்பட்டவர்; அடையாள அட்டை இலக்கத்தோடு அறியப்பட்டவர். கடைசியில் அன்ரோனெற் ஒரு பிழையைப் பிடித்தாள். எடித்தின் பெயரை ஓரிடத்தில் 'எதித்' என்று அடித்திருந்தார்கள். மூச்சு வாங்க மறுபடி கொழும்புக்கு எடுத்தாள்.

"அது போதாது அம்மா" என்றார் பரமநாதன். அந்த மனிதரின் குரலில் வெட்கம் இருந்தது. "எண்டாலும் நீங்களா ஒண்டும் சொல்லாதேங்கோ. கிடக்கட்டும்."

போனை வைத்தபிறகு அவள் றசாக்கைப் பார்த்தாள்.

"றசாக் நானா, நான்தானே எல்லாத்தையும் தேடிக் குடுத்தனான். நாங்கள் இருக்கிறம், இதுதான் எங்கட பேர், இதுதான் எங்கட எல்லை எண்டு. அவைக்கு ஒண்டும் தெரியாமல்தானே இருந்தது."

"குடுக்காட்டி அண்டைக்கே போயிருக்கும் தங்கச்சி" என்றார் றசாக். ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அது ஆறுதலாக இருக்கவில்லை.

ஆட்சேபனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவளும் அம்புறோஸும் போனார்கள். அதிகாரி எழும்பி நின்று வரவேற்றார். கதிரை இழுத்துப் போட்டார். மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பிவிட்டார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். கத்திச் சண்டை பிடிப்பதற்கென்று இரண்டு நாளாக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தவளுக்கு, அந்த மரியாதைக்கு முன்னால் வாய் எழவில்லை.

"சொல்லுங்கோ அம்மா. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே எழுதுவன்."

சொன்னாள். அப்பா வாங்கின காணி. இரண்டு தரம் ஓடித் திரும்பி வந்தது. கருவாடு காயக் காற்று வேண்டும், அந்தக் கரையில்தான் அந்தக் காற்று. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் எங்கேயும் இருக்கலாம். தன்னால் எங்கேயும் இருக்க ஏலாது. அதிகாரி தலையாட்டி ஆட்டி எழுதினார். பிறகு பெயர்ப்பட்டியலைத் திருப்பிக் காட்டி, "விபரங்கள் சரிதானே?" என்று கேட்டார்.

அன்ரோனெற் சுவரைப் பார்த்தாள்.

"சேர், இதில சின்னக்காவின்ர பேர் பிழையாக் கிடக்கு" என்றான் அம்புறோஸ். "எதித் இல்லை, எடித்."

வேண்டுமென்று சொல்லவில்லை அவன். யாராவது கேட்டால் சரியாகச் சொல்லிவிடவேண்டும் என்று வளர்ந்தவன். அவள் மேசைக்குக் கீழே அவன் தொடையைக் கிள்ள, அவன் விளங்காமல் விழித்தான். அதிகாரி சிவப்புப் பேனாவால் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

"நல்லது, சொன்னது. பிறகு கரைச்சலாப் போயிருக்கும்" என்றார்.

எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

"நான் கையெழுத்து வைக்காட்டி?"

"வைக்காட்டியும் பரவாயில்லை அம்மா. சமுகமளித்தார், கையொப்பமிட மறுத்தார் எண்டு எழுதுவம். அதுவும் செல்லும்."

அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

அம்புறோஸ் அவளைப் படலையடியில் இறக்கிவிட்டு, "அக்கா, நான் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று கேட்டான். ஐம்பது வயது ஆம்பிளை, கண் கலங்கி நின்றான்.

"அதால ஒண்டும் இல்லை, போடா" என்றாள். உண்மையும் அதுதான்.

பரமநாதன் இரண்டாவது வழக்குப் போட்டார். இந்த முறை கையில் பிடிக்க ஓட்டை ஒன்றும் இல்லை. பொதுத் தேவை எது என்று தீர்மானிப்பது அமைச்சரின் வேலை, அறிவித்தல் முறைப்படிதான் கொடுபட்டிருக்கிறது என்று சொல்லி, எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார்கள். றசாக் அந்த வழக்கில் சேரவில்லை. அவருடைய பிள்ளைகள் புத்தளத்திலிருந்து வந்து, வேண்டாம் என்று பேசியிருந்தார்கள். அதைச் சொல்ல அவர் அவள் வீட்டுக்கு வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை, வேலிக்கு அந்தப் பக்கமாகவே நின்றார்.

"தங்கச்சி, எனக்கு எழுபது வயசு. ரெண்டாம் தரமும் கோட்டுப் படியில குந்தி அழ ஏலாது."

"நான் ஒண்டும் நினைக்கேல்லை நானா."

"நினையுங்கோ" என்றார் அவர். "நினைச்சா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்."

அவசரத் தேவை என்று உத்தரவு போட்டுக் காணியை எடுக்க வந்தது ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில். இரண்டு வாகனம், பொலிஸ், வேலிக் கட்டையும் முள்ளுக்கம்பியும் ஏற்றிய லொறி. அன்ரோனெற் அப்போது வாடியில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைதான் கட்டாமீன் நிறைய வந்து, வெட்டிக் கழுவி உப்புப்போட்டுத் தொட்டி இரண்டையும் நிரப்பியிருந்தாள். தொட்டியில் ஊறி, பந்தலில் ஏறி, நாலைந்து நாள் வெயிலும் காற்றும் குடித்தால்தான் மீன் கருவாடாகும். இடையில் தூக்கினால் அது மீனுமில்லை, கருவாடுமில்லை.

வந்தவர் உத்தரவை வாசித்து முடித்தார். அவள் காணியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

"ஐயா, மீன் உப்பில கிடக்கு. காய்ஞ்சு முடியச் சனிக்கிழமையாகும். அதுமட்டும் விடுங்கோ. நானே படலையைத் திறந்துவிட்டுப் போறன்."

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். ஒரு தரம் போன் எடுத்தும் பேசிப் பார்த்தார்.

"நாள் தர எனக்கு அதிகாரம் இல்லை அம்மா. ஏத்தி இறக்க ஆள் தரலாம்."

ஆள் தந்தார்கள். வேலி போட வந்தவர்களே தொட்டி மீனை வாளியில் அள்ளி, உழவு இயந்திரப் பெட்டியில் கொட்டினார்கள். பொலிஸ்காரப் பெண்ணொருத்தி கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து, சட்டை வேறு சேலை வேறாக மடித்து, அவள் கையில் தந்தாள். சிங்களத்தில் ஏதோ கேட்டாள். விளங்கவில்லை. பக்கத்தில் நின்றவர் சொன்னார்:

"போக இடம் இருக்கோ எண்டு கேக்கிறா."

"ஓம்" என்றாள் அன்ரோனெற்.

வங்காலையில் அம்புறோஸின் வளவு மூன்று பக்கமும் மதில். வீட்டுக்கு வீடு ஓடு தொட்டுக்கொண்டு நிற்கும். காற்று மேலால் போகுமே தவிரக் கீழே இறங்காது. மீனை வலைத்துண்டில் பரப்பினார்கள், கூரையில் பரப்பினார்கள். மார்த்தா முகம் சுளிக்காமல் கூடவே நின்று புரட்டினாள். மூன்றாம் நாள் செவிள் பக்கம் இளகத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அம்புறோஸைத் தனியே கூப்பிட்டு, மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாள் புழு வைத்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் அம்புறோஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரையில் குழி வெட்டினான். கையில்லாப் பெனியனோடு, நெஞ்சளவு ஆழத்துக்கு, யாரும் கேட்காமலே வெட்டினான். அக்காவும் மார்த்தாவும் வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். காகங்கள் சுற்றிக்கொண்டு நின்றன. மண்ணை மூடி முடிய அன்ரோனெற் அதன் மேல் ஏறி நின்று, நாய் கிளறாமல் இருக்க, காலால் நன்றாக மிதித்தாள்.

"காணும் அக்கா, போதும், வாங்கோ" என்றான் அம்புறோஸ்.

அவள் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தாள்.